நாள்தோறும் யோகம்: பலரும் பேசாத மூன்றாவது நிபந்தனை

யோகாசனங்களை வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காகச் செய்தாலே முதுகு இளகும், தொடைத் தசைகளின் இறுக்கம் குறையும், தூக்கமும் ஓரளவு சீராகும். உடல்நலம் மட்டுமே நோக்கம் என்றால் அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. ஆனால் யோக நூல்கள் வாரக் கணக்கில் பேசுவதே இல்லை. நாள்தோறும், இடைவிடாமல், நெடுங்காலம் என்றே அவை சொல்கின்றன. இத்தனை அழுத்தம் எதற்கு என்ற கேள்வி, யோகத்தை ஆன்மிகப் பயிற்சியாகக் கைக்கொள்ள விரும்பும் எவருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்கு பாதங்களும் 195 சூத்திரங்களும் (சில பதிப்புகளில் 196) கொண்ட சிறிய நூல். அதன் முதல் பாதத்தில் 14ஆம் சூத்திரம், பயிற்சி எப்போது உறுதியான நிலமாகிறது என்பதற்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: தீர்க்க காலம், நைரந்தர்யம், சத்காரம். அதாவது நீண்ட காலம் செய்ய வேண்டும், இடையறாமல் செய்ய வேண்டும், மதிப்போடு செய்ய வேண்டும். முதல் இரண்டையும் யோக ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது. ஓர் உடற்பயிற்சி ஆன்மிகச் சாதனையாக மாறும் இடம் அந்த மூன்றாவது சொல்தான் என்பது, பல ஆண்டுகள் செய்து பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட உறுதி.

யோகம் என்ற சொல்லின் வேர் ‘யுஜ்’. அதற்கு வடமொழி இலக்கணம் இரண்டு பொருள் தருகிறது: பூட்டுதல் அல்லது இணைத்தல் என்பது ஒன்று, மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்பது மற்றொன்று. ‘சேர்க்கை’ என்ற முதல் பொருளையே நாம் அதிகம் கேட்டுப் பழகியிருக்கிறோம். சீவன் பரத்தோடு சேர்வது என்று விளக்குவோரும் உண்டு. ஆனால் யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை, முதல் சூத்திரத்திலேயே யோகம் என்பது சமாதி என்று இரண்டாம் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது. அடுத்த சூத்திரம் அதை இன்னும் தெளிவாக்குகிறது: சித்தத்தின் அலைகள் அடங்குவதே யோகம். இந்த நூலில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று சூத்திரங்கள். இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும், அப்படி அமர்ந்தவரை வெப்பம் குளிர் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை. ஆசனத்தைப் பற்றிப் பதஞ்சலி சொல்வது அவ்வளவே.

இவற்றுக்கெல்லாம் முன்னதான கடோபநிடதத்தில் இன்னொரு குறிப்பு இருக்கிறது. புலன்களை அசையாமல் தாங்கி நிற்பதையே யோகம் என்று கருதுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த நிலையில் ஒருவன் விழிப்போடு இருக்க வேண்டும், ஏனெனில் யோகம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கிறது என்று அந்தச் செய்யுள் முடிகிறது. அன்றாடப் பயிற்சிக்கான காரணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒருமுறை அடைந்து பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும் பொருளாக யோகத்தை அந்த முனிவர்கள் பார்க்கவில்லை. நேற்றுக் கிடைத்த அமைதி நேற்றோடு போய்விடும். இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குத்தான் தேட வேண்டும்.

உடல் நிலைகளே யோகம் என்ற இன்றைய பொதுப் புரிதல் எப்படி வந்தது என்பதையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை, ஆசனம், மூச்சு, முத்திரை ஆகியவற்றை விரிவாகச் சொன்னாலும், மனத்தை அடக்கும் தியான நெறியான ராஜயோகத்தை எட்டுவதற்காகவே அவை உள்ளன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பெரிய மாற்றம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிகழ்ந்தது. லோனாவாலாவில் 1924இல் சுவாமி குவலயானந்தர் தொடங்கிய கைவல்யதாமம் யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடக் கருவிகளோடு அளந்து பார்க்க முனைந்தது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1930களில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி போன்றோர் புறப்பட்டு உலகெங்கும் ஆசனங்களைக் கொண்டுசென்றார்கள். 2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21ஐ உலக யோக நாளாக அறிவித்த தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் யோகம் இடம்பெற்றது.

இந்தப் பரவலைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. முதுகுவலிக்காக வந்து மூச்சைக் கண்டுகொண்டவர்கள் ஏராளம். உடலின் வழியாக உள்ளே வருவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ‘உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே’ என்று திருமூலர் பாடியிருப்பதும் அதைத்தான். எனக்கு உறுத்துவது வேறொன்று. வகுப்பறைக்கு வந்தபோது யோகத்தின் அலகே மாறிவிட்டது. முன்பு ‘நாள்’ என்பது அலகாக இருந்தது. இப்போது ‘வகுப்பு’ அலகாகிவிட்டது. ஒரு மணி நேர வகுப்பு நன்றாக இருந்ததா, ஆசிரியர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாரா, இன்று புதிதாக என்ன ஆசனம் கற்றோம் என்ற கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. புதிது இல்லாத நாள் வீணான நாளாகத் தோன்றுகிறது. அன்றாடச் சாதனையின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அங்கே புதிதாக எதுவும் நடப்பதில்லை, நடக்க வேண்டியதுமில்லை.

இதை விளக்கினால்தான் நாள்தோறும் என்ற நிபந்தனையின் உட்பொருள் புரியும். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே இருக்கை, அதே வரிசையில் அதே சில ஆசனங்கள், அதே மூச்சுக் கணக்கு. இவ்வளவும் மாறாமல் இருக்கும்போது மாறுவது ஒன்றுதான்: அவற்றைச் செய்ய வந்திருக்கும் மனம். நேற்று இதே முன்வளைவில் விரல்கள் பாதத்தைத் தொட்டன, இன்று தொடவில்லை. தொடாததில் இன்று ஓர் எரிச்சல் வருகிறது, போன வாரம் தொடாதபோது வரவில்லை. இந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது? முந்தைய நாள் மாலை ஒருவரிடம் சொல்லாமல் விழுங்கிய பதிலிலிருந்து வந்திருக்கலாம். நாள் முழுவதும் அந்த மனத்தோடுதான் திரிந்தோம், ஆனால் சுற்றிலும் எல்லாம் மாறிக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை. சுவர் அசையாமல் இருந்தால்தான் அதன்மேல் விழும் நிழலின் அசைவு தெரியும். தவம், சுவாத்தியாயம், ஈசுவரப் பிரணிதானம் (ஈசுவரனிடம் ஒப்படைத்தல்) என்ற மூன்றையும் சேர்த்துக் கிரியாயோகம் என்கிறார் பதஞ்சலி. சுவாத்தியாயம் என்பது முதலில் மறை நூல்களை ஓதுவதைக் குறித்த சொல். தன்னைத் தானே படித்தல் என்று பின்வந்தோர் அதை விரித்துச் சொல்லும்போது, அந்தப் படிப்புக்கு ஏடாக அமைவது இந்த மாறாத அன்றாடம்தான்.

எவ்வளவு காலம் செய்தால் ஒரு செயல் வழக்கமாகும் என்பதற்கு மரபில் ஒரு மண்டலம் என்ற கணக்கு உண்டு. 48 நாள் என்பதே பெருவழக்கு. 2009இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒவ்வொருவரும் தாமே தேர்ந்த ஓர் எளிய செயலை 12 வாரம் நாள்தோறும் செய்துவந்தார்கள். அது நினைக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது: 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் எனக் கணிக்கப்பட்டவரும் உண்டு. தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சி பழக்கமாக அதிக நாள் எடுத்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஒருநாள் விட்டுப்போனதாலேயே மனம் சோர்ந்து மொத்தத்தையும் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த முடிவை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எடுத்த முயற்சி இங்கே அழிவதில்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயமும் அதையே வேறு விதமாகச் சொல்கிறது.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. மேற்சொன்ன ஆய்வு அளந்தது, ஒரு செயல் எந்த அளவு கவனமின்றியே நடக்கிறது என்பதைத்தான். பழக்கம் என்ற சொல்லின் பொருளே அது. யோகமோ கவனத்துக்காகவே செய்யப்படுவது. கவனமின்றி நடக்கும் யோகம் என்று ஒன்று இருக்க முடியுமா? இருக்கிறது, அதை நான் செய்திருக்கிறேன். ஏறத்தாழ ஓராண்டு, ஒருநாளும் தவறாமல், கடிகாரம் அடித்ததும் எழுந்து, ஆசனங்களை முடித்து, 20 நிமிடம் கண்மூடி அமர்ந்து, அந்த 20 நிமிடமும் அன்றைய வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தீர்க்க காலமும் இருந்தது, நைரந்தர்யமும் இருந்தது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் குறியிட்டு, இடைவெளியின்றி நீளும் வரிசையைப் பார்த்து மகிழ்ந்தேன். அந்த ஓராண்டில் என் கோபம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னபோது முதலில் வலித்தது. பிறகுதான் மூன்றாவது நிபந்தனை கண்ணில் பட்டது.

சத்காரம் என்பதற்கு நல்லபடி நடத்துதல், மரியாதை செய்தல் என்று பொருள். வீட்டுக்கு வரும் விருந்தினரை வரவேற்று உபசரிப்பதற்கும் வடமொழியில் இதே சொல்தான். வந்தவர் முகத்தைப் பார்க்காமல் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அது உபசாரம் ஆகாது. மூச்சு விஷயத்திலும் அப்படித்தான். பாயில் வந்து உட்காரும் வரையில் உள்ளது பழக்கமாக, எந்த விவாதமும் இல்லாமல் நடந்துவிட வேண்டும். எழலாமா, இன்னும் பத்து நிமிடம் படுக்கலாமா என்று மனத்தோடு நாள்தோறும் வழக்காடுபவர் அதிலேயே களைத்துப்போவார். ஆனால் உட்கார்ந்த கணத்தில் பழக்கம் விலகிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு மூச்சும் முதல்முறை வருவதாக வரவேற்கப்பட வேண்டும். வெளியே இயந்திரம்போல் ஒழுங்கும் உள்ளே இயந்திரத்தன்மை சிறிதும் இல்லாத கவனமும் ஒரே செயலில் சேர்ந்திருப்பது எளிதன்று. அந்தக் கடினத்தையே நாள்தோறும் பழகுவதால்தான் இதற்குச் சாதனை என்ற பெயர்.

ஓர் அமர்வை அருகில் நின்று பார்க்கலாம். மடித்த போர்வையின்மேல் சுகாசனம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருந்தால் முதுகு தானே நிமிரும், அதற்குத்தான் போர்வை. முதல் இரண்டு நிமிடம் உடல் தன் குறைகளைச் சொல்லும்: கணுக்கால் தரையில் அழுந்துகிறது, தாடை தன்னையறியாமல் இறுகியிருக்கிறது, தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தளர்த்தியபின் மூச்சைக் கவனித்தால், ஒரு நாசியில் காற்று தாராளமாகவும் மற்றொன்றில் சற்று அடைத்தும் போவது தெரியும். இது சளியின் கோளாறு அன்று. நாசியின் உட்சவ்வு சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமுமாக மாறி மாறித் தடித்து இளைப்பதை இன்றைய மருத்துவம் நாசிச் சுழற்சி என்கிறது. சரம் பார்த்தல் என்ற பெயரில் நம் சித்தர் மரபு இதை நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறது. இடப்பக்க ஓட்டத்தை இடகலை என்றும் வலப்பக்க ஓட்டத்தை பிங்கலை என்றும் பெயரிட்டு, நாளின் வேலைகளைக்கூட அதற்கேற்ப வகுத்தது.

அடுத்து நாடி சுத்தி. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வல நாசியை மூடி, இடப்பக்கம் இழுத்து, பிறகு மோதிர விரலால் இட நாசியை மூடி, வலப்பக்கம் விட்டு, அதே பக்கம் இழுத்து, இடப்பக்கம் விடுவது ஒரு சுற்று. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நான்கு எண்ணும் வரை இழுத்தால் எட்டு எண்ணும் வரை விடலாம். இரண்டாவது மூன்றாவது சுற்றுக்குள் எண்ணிக்கை எங்கோ நழுவியிருக்கும். ஐந்தா ஆறா என்று ஐயம் வரும்போதுதான் மனம் வெளியே போய்த் திரும்பியது தெரியும். நழுவியதை அறிந்த அந்தக் கணத்தைத் தோல்வியாக எண்ணித் தன்னைக் கடிந்துகொள்வது புதியவர்கள் பலரும் செய்யும் பிழை. மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதை மீட்டுத் தன்னிடமே கொண்டுவர வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்லும்போது, ஓடாத மனத்தை அது எதிர்பார்க்கவில்லை. மீட்டுக்கொண்டு வருவதுதான் பயிற்சி. ஓர் அமர்வில் நாற்பது முறை நழுவி நாற்பது முறை திரும்பியவர் நாற்பது முறை பயின்றிருக்கிறார்.

மூச்சுக்கு ஏன் இவ்வளவு இடம்? நாம் விரும்பினால் மாற்றக்கூடியதும், மறந்தாலும் தானே நடப்பதுமாக இருக்கும் மிகச் சில உடல் இயக்கங்களில் ஒன்று அது. இதயத் துடிப்புக்கு நேரடியாகக் கட்டளையிட முடியாது. மூச்சின் வழியாக அதைத் தொடலாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் விடும்போது சற்றுத் தணிவதும் எல்லார் உடலிலும் நடப்பது. விடும்போது, இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் செயல் ஓங்குவதே காரணம். எனவே வெளிமூச்சை நீட்டினால் உடல் தணிகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற வேகத்தில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒத்திசையத் தொடங்குகின்றன. இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரிடம் செய்து 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை நெகிழ வைத்தது. கத்தோலிக்கரின் செபமாலை வேண்டுதலை லத்தீனில் சொன்னாலும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரத்தைச் சொன்னாலும், சொல்பவரின் மூச்சு அதே ஆறின் பக்கம் வந்து நின்றது. வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு மொழியில் பிறந்த இரண்டு வேண்டுதல்களும் உடலை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக மரபின் கணக்கு. அதை நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு 15 வரும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 என்று இன்றைய மருத்துவர் சொல்லும் வரம்புக்குள் அது பொருந்துகிறது. ‘காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை’ என்று திருமூலர் ஏங்கியதும் இந்தக் கணக்கைப் பற்றித்தான். பூரகத்துக்கு (மூச்சை இழுத்தல்) 16, கும்பகத்துக்கு (அடக்குதல்) 64, ரேசகத்துக்கு (விடுதல்) 32 என்று திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் ஓர் அளவும் தருகிறது. தொடக்கத்தில் ஆசிரியரைக் கேட்காமல் இந்த அளவைப் படித்துவிட்டு நானே முயன்றதுண்டு. இரண்டு வாரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது, பகலெல்லாம் காரணமில்லாத படபடப்பு. செய்தி அறிந்த என் ஆசிரியர் கணக்கையே விடச் சொல்லி, மூச்சை அடக்காமல் வெளிமூச்சை மட்டும் மெல்ல நீட்டச் சொன்னார். உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைச் செய்யக் கூடாது. கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் நீண்ட நேரத் தியானத்தை மருத்துவரின் அறிவுரை இல்லாமல் தொடங்குவதும் நல்லதன்று. ஆன்மிகம் என்ற பெயர் இருப்பதாலேயே இவற்றில் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடலாகாது.

நாள்தோறும் செய்பவருக்கு மட்டுமே தெரிந்த சில தடைகள் உண்டு. பதஞ்சலி ஒன்பது இடையூறுகளைப் பட்டியலிடுகிறார். அதில் முதலாவது நோய். பிறகு மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன் நாட்டம், பிறழ்ந்த காட்சி என்று போகிறது. கடைசி இரண்டையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன்: ஒரு நிலையை எட்டாமலே இருப்பது, எட்டிய நிலையில் நிற்க முடியாமல் போவது. மாதக்கணக்கில் எந்த முன்னேற்றமும் தெரியாமல் ஒரே இடத்தில் நிற்பதும், எப்போதோ ஒரு விடியற்காலையில் கிடைத்த ஆழ்ந்த அமைதி மறுநாள் காணாமல் போவதும் பயிற்சி பிழையானதன் அறிகுறிகள் என்று நாம் அஞ்சுகிறோம். அவை வழியில் எல்லாருக்கும் வருபவை என்று நூலிலேயே எழுதியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முன்பு கிடைத்ததை இன்றும் பெற வேண்டும் என்று துரத்தத் தொடங்கினால் அமர்வு முழுவதும் அந்தத் துரத்தலிலேயே போய்விடும். பயிற்சியோடு வைராக்கியத்தையும், அதாவது பற்றின்மையையும், பதஞ்சலி இணைத்தே சொல்வது இதனால்தான். உலக இன்பங்களில் பற்றை விடுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தியானத்தில் கிடைத்த இன்பத்தின்மேல் உள்ள பற்று அதைவிட நுட்பமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஹடயோகப் பிரதீபிகை யோகத்தைக் கெடுக்கும் ஆறைச் சொல்லும் இடத்தில், மிகுதியாக உண்பது, அளவுமீறி உழைப்பது, வீண் பேச்சு ஆகியவற்றோடு நியமப் பிடிவாதத்தையும் சேர்த்திருக்கிறது. விதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதே கேடு என்று ஒரு விதிநூல் சொல்வது வியப்பானது. குழந்தை இரவெல்லாம் அழுத மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அன்றைக்கு இரண்டு ஆசனமும் பத்து மூச்சும் போதும், அவை நடந்தால் நாள் விட்டுப்போகவில்லை. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதை வகுத்த நடுவழியே குடும்பத்தோடு இருப்பவருக்குப் பொருந்தும். நேரம் தவறினாலும் பரவாயில்லை. அளவு குறைந்தாலும் பரவாயில்லை. கவனத்தைக் குறைத்துவிட்டு நேரத்தையும் அளவையும் காப்பாற்றுவதில்தான் பொருளில்லை.

பாயிலிருந்து எழுந்தபின் உள்ள பதினாறு மணி நேரம் என்ன ஆகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. யோகத்தின் எட்டு உறுப்புகளில் இயமமும் (விலக்க வேண்டியவை) நியமமும் (கடைப்பிடிக்க வேண்டியவை) ஆசனத்துக்கு முன்னால் நிற்கின்றன. பதஞ்சலி ஐந்து இயமங்களைச் சொல்கிறார். திருமூலரோ ஒரே பாட்டில் ‘கொல்லான் பொய்கூறான் களவிலான்’ என்று தொடங்கி, அடக்கம் உடையவன், நடுநிலை வல்லவன், பகுத்துண்பவன் என்று விரித்துக்கொண்டு போகிறார். பகுத்துண்பதை யோகத்தின் முதல் உறுப்பில் வைத்த அந்த நெஞ்சை எண்ணினால் எனக்கு இன்றும் வணங்கத் தோன்றுகிறது. இயமத்தை நுழைவுத் தேர்வாகக் கொண்டு, அதில் முழுமையாகத் தேறியபின்தான் மூச்சைத் தொட வேண்டும் என்று நினைத்தால் யாரும் தொடங்கவே முடியாது. நடைமுறையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன. காலையில் கண்மூடி அமர்ந்தவுடன் முந்தைய நாள் சொன்ன பொய் முதலில் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. நாலு நாள் அது வந்தால் ஐந்தாம் நாள் பொய் சொல்ல நாக்கு சற்றுத் தயங்குகிறது. அதேபோல், ஒருவர் குரலை உயர்த்தும்போது நம் மூச்சு மார்புக்கு மேலே ஏறுவதை அந்தக் கணத்திலேயே அறிய முடிந்தால், பதில் சொல்வதற்கு முன் ஒரு வெளிமூச்சு அளவுக்கு இடம் கிடைக்கிறது. நாடி சுத்தியில் ஆயிரம் முறை பழகிய அதே வெளிமூச்சுதான் அது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இதில் இடம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஈசுவரனிடம் ஒப்படைப்பதை ஒரு வழியாகச் சொல்லும் அதே நூல், மனத்தை நிலைநிறுத்த வேறு பல வழிகளையும் அடுக்கி, முடிவில் தனக்கு உகந்த எதையேனும் தியானித்தாலும் ஆகும் என்று வாயிலை அகலத் திறந்துவிடுகிறது. செபமாலை உருட்டுபவர் அதைக் கொண்டும், வெறும் மூச்சை மட்டுமே நம்புபவர் மூச்சைக் கொண்டும் அமரலாம். ஒப்படைத்தல் என்ற சொல்லின் அனுபவம் மட்டும் எல்லாருக்கும் பொதுவானது என்று தோன்றுகிறது. செய்ததற்குப் பலன் கேட்காமல் எழுந்து போவதை நாள்தோறும் பழகுகிறவர், யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதற்குப் பெயர் சூட்டினாலும் சூட்டாவிட்டாலும், ஒப்படைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

என் ஆசிரியரைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்கு எண்பது கடந்திருந்தது. ஒரு காலத்தில் சிரசாசனத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்றவர், அப்போது கைவைத்த நாற்காலியில்தான் உட்கார முடிந்தது. முழங்கால்கள் மடங்க மறுத்தன. பேசிக்கொண்டிருந்தவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, சற்று இரு என்று கையசைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார். வலக்கையை உயர்த்தி இரண்டு விரலை மடக்கினார்; மற்ற விரல்கள் நடுங்கின. நடுக்கம் அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, அந்த நடுக்கத்தோடே கட்டைவிரல் வல நாசியில் போய் அமர்ந்தது. மூச்சு உள்ளே போகும் ஒலி கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது.